மறு: கசிவுத் தடுப்பூசி – மாற்றுச் சொல் வேண்டும்

குழுமத்தாருக்கு வணக்கம். ஆங்கிலத்தில் leaky vaccine என்பார்கள், அதாவது நோயைத் தடுத்தாலும் தொற்றை முழுதாகத் தடுக்காத தடுப்பூசி. அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இழையில் ஒருவர் எழுதியது:

> கசிவுத் தடுப்பூசி என்றே வைத்துக்கொள்ளலாம், சொல் சின்னதாக இருக்கிறது.

சின்னதுதான், ஆனால் எனக்கு ஒப்பவில்லை. பண்ருட்டிப் பக்கம் வெண்பன்றி வளர்ப்பவரிடம் இதைச் சொன்னால் அவர் முதலில் குப்பியைத் தூக்கிப் பார்ப்பார், அப்புறம் மருந்துக்கடையில் சண்டைக்குப் போவார். பழுதான மருந்து என்ற எண்ணம்தான் வரும். உண்மையில் அந்த மருந்து தன் வேலையைச் சரியாகவே செய்கிறது. பன்றி நோயில் விழுவதில்லை, எடையும் ஏறுகிறது. அதே சமயம் வைரஸ் உடம்புக்குள் நுழைந்து பெருகி, குறைந்த அளவில் வெளியேறவும் செய்கிறது. அப்படிப் பெருகும் நகல்களில் எது எதிர்ப்பொருளுக்கு (ஊசியால் உடம்பில் உண்டாகி வைரஸைப் பிடிக்கும் புரதம்) பிடிகொடுக்கவில்லையோ, அதற்குத்தான் அடுத்த பன்றியைத் தொற்ற வாய்ப்பு அதிகம். நாம் பெயர் வைக்க வேண்டியது இந்த நிலைமைக்கு.

பன்றிக்குட்டிகளை மெலியவைக்கும் பன்றி சர்கோவைரஸ் 2-ஐப் பாருங்கள். 2006 வாக்கில் தடுப்பூசிகள் வந்தன. இந்த வைரஸில் 2ஏ, 2பி, 2டி என்று மரபுவகைகள் உண்டு. தொடக்கத்தில் வந்த தடுப்பூசிகள் 2ஏ வகையை வைத்துச் செய்தவை. இன்று பல நாட்டுப் பண்ணைகளில் மேலோங்கி இருப்பது 2டி. டி.என்.ஏ. வைரஸ்தான், அதன் மரபுக்குறி சுமார் 1,768 எழுத்து நீளம்தான், ஆனாலும் மாறும் வேகத்தில் ஆர்.என்.ஏ. வைரஸ்களை நெருங்குகிறது. முழுப் பழியையும் தடுப்பூசி மேல் போடவும் முடியாது. 2ஏ போய் 2பி வந்தது தடுப்பூசி பரவலாகும் முன்பே தொடங்கிவிட்டது. தவிர, பழைய 2ஏ தடுப்பூசி 2டி வரும் பண்ணையிலும் நோயைக் குறைக்கவே செய்கிறது. நோய் நிற்கிறது, தொற்று நிற்கவில்லை.

சீனாவில் 2011 கடைசியில் நடந்தது இன்னும் கடுமை. ஆஜெஸ்கி நோய் என்பது பன்றிகளுக்கு வரும் ஒரு ஹெர்பிஸ் வைரஸ் நோய். அதற்கான பார்த்தா கே61 என்ற தடுப்பூசி போட்ட பண்ணைகளிலேயே அது மீண்டும் கிளம்பியது. அங்கே நோயே நழுவிவிட்டது.

டென்மார்க்கில் 2019-இல் நடந்ததை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. பன்றி இனப்பெருக்க–சுவாச நோய்க்கான இரண்டு உயிர்த் தடுப்பூசிகளின் (வீரியம் குறைத்த உயிருள்ள வைரஸால் செய்தவை) வைரஸ்கள் தமக்குள் மறுசேர்க்கை செய்து, அதாவது மரபுத்துண்டுகளைக் கலந்துகொண்டு, கிடாப்பன்றி விந்து நிலையம் வழியாகப் பல பண்ணைகளுக்குப் போயின. மாறியது தடுப்பூசி வைரஸே. அதற்குத் தனிச்சொல் வேண்டும், இன்னொரு இழையில் பேசலாம்.

என் முன்மொழிவு ஒரு சோடி: நோயை மட்டும் நிறுத்துவது நோய்மறிப்புத் தடுப்பூசி, தொற்றையும் நிறுத்துவது தொற்றுமறிப்புத் தடுப்பூசி. பிடிகொடுக்காத வைரஸுக்கு நழுவு திரிபு.

கடலூரிலிருந்து

---

ஐயா, வணக்கம்.

மறிப்பு என்றதும் எனக்குச் சாலை மறியல்தான் நினைவுக்கு வந்தது. வில்லியனூரில் மறியல் என்றால் பஸ் மாற்றுப்பாதையில் போய்விடும். வைரஸும் அதைத்தானே செய்கிறது, எனவே எதிர்ப்பில்லை!

ஒரு தடை உண்டு. களத்தில் இரண்டுக்கும் நடுவே நிறைய இருக்கின்றன. பன்றிக் காய்ச்சலுக்கு முயலில் தொடர்ந்து செலுத்தி வீரியம் குறைத்த உயிர்த் தடுப்பூசி, தொற்றையே பெரும்பாலும் நிறுத்திவிடும். அதே நோய்க்கு வைரஸின் மேலுறையிலுள்ள ஈ2 புரதத்தை மட்டும் வைத்துச் செய்தது அந்த அளவுக்கு வராது. இரண்டே பெட்டியில் அடைத்தால் மாணவர்கள் குழம்புவார்கள். (பன்றிக் காய்ச்சல் என்றால் செய்தித்தாளுக்கு 2009-இல் மனிதரிடம் பரவிய எச்1என்1, கால்நடைத் துறையில் எங்களுக்கு அது பன்றிகளுக்கே வரும் வேறு வைரஸ். அந்தக் குழப்பமே இன்னும் தீரவில்லை.)

இன்னொன்று. நம் மாவட்டக் குழந்தைகளுக்குப் போடும் மூளைக்காய்ச்சல் தடுப்பூசியும் வைரஸை நழுவ வைக்குமா என்று போன மடலில் ஒருவர் கேட்டிருந்தார். வைக்காது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ் கொசு, கொக்கு, பன்றி என்று சுற்றுவது. மனித உடம்பு அதற்கு முட்டுச்சந்து, அங்கிருந்து கொசுவுக்குத் திரும்புவதில்லை. சுற்றில் இல்லாத இடத்தில் ஊசி போட்டால், நழுவும் வைரஸை மட்டும் பிழைக்க வைக்கும் தேர்வழுத்தம் எங்கிருந்து வரும்? பன்றிக்குப் போட்டால்தான் அந்தக் கேள்வியே எழும்.

புதுச்சேரியிலிருந்து

---

மீண்டும் கடலூரிலிருந்து. நடுவே இருப்பவை பற்றிப் புதுச்சேரி நண்பர் சொன்னது சரி. அப்படியானால் பெட்டி வேண்டாம், அளவாக வைப்போம்: தொற்றுமறிப்புத் திறன் கூடியது, குறைந்தது. நோய்மறிப்புத் திறனைத் தனியே குறிக்கலாம். ஒரே தடுப்பூசிக்கு முன்னது குறைவாகவும் பின்னது கூடுதலாகவும் இருக்கலாம், சர்கோவைரஸுக்குப் போல.

நழுவு திரிபுக்கு இதுவரை யாரும் மறுப்புச் சொல்லவில்லை. பரிணாமத்தைக் கூர்ப்பு என்றும் மரபுமாற்றத்தை விகாரம் என்றும் எழுதும் ஈழத்து நண்பர்கள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் மூன்றையும் சொற்பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.