எஸ்கேயூ: 'அலகு' வேண்டாம், 'சரக்கினம்' என்போமா?

அனைவருக்கும் வணக்கம்.

கடை இருப்புக் கணக்கில் வரும் எஸ்கேயூ (SKU, stock keeping unit) என்ற சொல்லுக்குத் தமிழில் 'இருப்பு வைப்பு அலகு' என்று வந்த பரிந்துரையை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. சொல்லுக்குச் சொல் சரிதான். ஆனால் அலகு என்றதும் கடைக்காரருக்குக் கிலோ, லிட்டர், மீட்டர்தான் நினைவுக்கு வரும். இருப்பு மென்பொருளில் அளவை அலகுக்கென்று தனிக் கட்டம் வேறு இருக்கிறது. பக்கத்திலேயே இன்னொரு அலகு வந்தால் குழப்பம்தான்.

எஸ்கேயூ அளவு அல்ல. எந்த வகைக்குத் தனியாக எண்ணிக்கை வைக்கிறோமோ அந்த வகை. ஒரே டிசைன் சட்டை 38, 40, 42, 44 என நான்கு சைஸில், மூன்று நிறத்தில் வந்தால் 12 எஸ்கேயூ. நீலத்தில் 40 தீர்ந்துபோனால் மற்ற பதினொன்றும் அடுக்கில் குவிந்திருந்தாலும் அதைக் கேட்டு வந்தவருக்குப் பயனில்லை. 'சட்டை 200' என்று மொத்தமாக எழுதி வைத்தால் இது தெரியவே தெரியாது.

'உருப்படி' என்று எழுதிப் பார்த்தேன். சலவைக்குப் போடும்போது 'எத்தனை உருப்படி?' என்கிறோமே, அது ஒவ்வொன்றாக எண்ணுவது. நீலம் 40-இல் பத்துச் சட்டை இருந்தால் உருப்படி பத்து, எஸ்கேயூ ஒன்று. பொருந்தவில்லை.

நம் கணக்கு வழக்கில் 'இனம்' உண்டு: செலவினம், வரவினம், இனவாரி. அந்த வழியில் 'இருப்பினம்' என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் கண் அதை 'இருப்பினும்' என்று படித்துவிடுகிறது. 'சரக்கினம்' என்றால் அந்தத் தொல்லை இல்லை. மருந்துக் கடையிலும் இது நிற்கிறது: ஒரே கம்பெனியின் பாரசிட்டமால் 500 மி.கி., 650 மி.கி. இரண்டும் இரண்டு சரக்கினம். 650-இல் பேட்ச் எண் மட்டும் மாறினால் சரக்கினம் மாறாது.

அப்புறம், அந்த வகைக்குக் கொடுக்கும் குறியையும் எஸ்கேயூ என்றே சொல்கிறார்கள். தமிழில் அதைச் 'சரக்கினக் குறி' என்று பிரித்துவிடலாம். பார்கோடு வேறு. பாக்கெட்டில் 890 என்று தொடங்கும் 13 இலக்க எண் எந்தக் கடைக்குப் போனாலும் அதேதான். சரக்கினக் குறியை அந்தந்தக் கடையே வைத்துக்கொள்ளும். பொருள்களை வகைப்படுத்தும் எச்எஸ்என் (HSN) எண் ஜிஎஸ்டி வரிக்கானது, பல சரக்கினங்களுக்கும் ஒன்றாகவே வரும்.

துணிக்கடையிலோ கிடங்கிலோ இருப்புக் கணக்கு எழுதுபவர்கள் இதற்கு வேறு சொல் புழங்கினால் அவசியம் எழுதுங்கள். அது பொருந்தினால் என் சொல்லை விட்டுவிட்டு அதையே எடுத்துக்கொள்ளலாம்.