செஞ்சிப் பாறைத் தடத்துக்கு எந்த டயர்?

வில்லியனூர்வாசி:
அனைவருக்கும் வணக்கம். வார நாள்களில் புதுச்சேரியில் உள்ள அலுவலகத்துக்குச் சென்றுவரவும், மாதம் இருமுறை செஞ்சியைச் சுற்றியுள்ள கரட்டுத் தடங்களில் ஓட்டவும் ஒரே மலை மிதிவண்டியைத்தான் பயன்படுத்துகிறேன். வண்டியோடு வந்த 27.5 × 2.1 அங்குல டயர்களே இன்னும் இருக்கின்றன; உள்ளே சாதாரண டியூப். என் எடை 78 கிலோ. பாறையில் பிடிப்பு வேண்டுமென்று காற்றை 22 பிஎஸ்ஐ வரை இறக்கி ஓட்டியதில், சென்ற மாதம் மட்டும் பின் டியூப் மூன்று முறை பஞ்சராகிவிட்டது. ஒவ்வொரு முறையும் அருகருகே இரண்டு ஓட்டைகள். பெரிய பட்டன் (டயரின் மேல் புடைத்து நிற்கும் ரப்பர்க் கட்டை) வைத்த 2.4 அங்குல டயரை வாங்குமாறு கடைக்காரர் சொல்கிறார். வாங்கலாமா?

மஞ்சக்குப்பத்தார்:
அந்த இரண்டு ஓட்டைகளே விடையைச் சொல்லிவிடுகின்றன, நண்பரே. முள் குத்தினால் ஓர் ஓட்டைதான் விழும். காற்று குறைந்த டயர் பாறை விளிம்பில் மோதி ரிம் வரை நசுங்கும்போதுதான், இடையில் சிக்கிய டியூப் பாம்பு கடித்ததைப் போல இரண்டு இடங்களில் கிழிகிறது. ஆகவே குற்றம் பட்டனுடையது அன்று. டியூப் இருக்கும் வரை, உங்கள் எடைக்குப் பின் சக்கரத்தில் 32 முதல் 35 பிஎஸ்ஐ வரையும், முன் சக்கரத்தில் அதைவிட இரண்டு மூன்று குறைவாகவும் வைத்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அதற்குச் செலவே இல்லை.

புதிய டயர் வாங்குவதென்றால் பட்டனைப் பார்ப்பதற்கு முன் பக்கச் சுவரைத் தடவிப் பாருங்கள். கருங்கல்லின் கூரான விளிம்புகள் கிழிப்பது பெரும்பாலும் அங்கேதான். பக்கச் சுவர் வலுவூட்டப்பட்ட டயர் 200 கிராம் வரை கூடுதல் எடை இருந்தாலும் அந்த எடையைப் பொறுத்துக்கொள்ளலாம். மிக உயரமான பட்டன்கள் இளகிய மண்ணுக்கு ஏற்றவை. எங்கள் கேப்பர் மலைச் செம்மண்ணில் மழைக்குப் பிறகு அவை உதவும். காய்ந்த பாறையிலோ பட்டன் வளைந்து வழுக்கும். அங்கே மென்மையான ரப்பரும், நெருக்கமாக அமைந்த நடுத்தர உயரப் பட்டன்களுமே பிடித்துக்கொள்ளும்.

லாஸ்பேட்டைக்காரர்:
டியூபையே எடுத்துவிட்டு டியூப்லெஸ் முறைக்கு மாறுங்கள் என்பது என் கருத்து. நசுங்கிக் கிழிய டியூப் இல்லாததால், நீங்கள் விரும்பும் குறைந்த காற்றழுத்தத்தில் ஓட்ட முடியும். சிறு முள் ஓட்டைகளை, டயருக்குள் ஊற்றும் சீலன்ட் என்ற அடைப்புத் திரவம் அடைத்துவிடும். ஆனால் நம் ஊர் வெயிலில் சீலன்ட் விரைவில் காய்ந்துவிடுவதால், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பார்த்து ஊற்ற வேண்டும். நான் ஒருமுறை அதை மறந்துவிட்டு, பாறை நடுவே வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தேன். அவசரத்துக்கு ஒரு டியூப் பையில் இருக்கட்டும்.

வில்லியனூர்வாசி:
இருவருக்கும் நன்றி. இன்று அளந்து பார்த்தேன்: ரிம்மின் உள் அகலம் 19 மில்லிமீட்டர். பின் டயருக்கும் பிரேமுக்கும் இடையே ஒவ்வொரு பக்கமும் 9 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறது. ரிம் டியூப்லெஸுக்கு ஏற்றதன்று என்கிறார் கடைக்காரர்.

மஞ்சக்குப்பத்தார்:
அப்படியானால் 2.4 வேண்டாம். 19 மில்லிமீட்டர் ரிம்மில் அவ்வளவு அகலமான டயர் குடை போல உப்பி நின்று, குறைந்த காற்றில் வளைவுகளில் பக்கவாட்டில் மடங்கும். அதற்கு 25 முதல் 30 மில்லிமீட்டர் வரை உள் அகலம் இருப்பது நல்லது. பிரேமிலும் இடைவெளி குறைந்து, டயரில் ஒட்டும் சிறு கல் பிரேமைச் சுரண்டும். டயரின் ஓரத்தில் 57-584 என்று அச்சிட்டிருப்பதைக் கேட்டு வாங்குங்கள், அதுதான் 27.5 × 2.25. முன்னால் மென்மையான ரப்பரும் சற்றே பெரிய பட்டனும் உள்ளதைப் போடுங்கள், ஏனெனில் முன் சக்கரம் வழுக்கினால் விழுவது நீங்கள். பின்னால் வலுவான பக்கச் சுவரும் தாழ்ந்த நடுப்பட்டனும் இருந்தால், அன்றாடம் ஓட்டும் தார்ச்சாலையிலும் கால் ஓயாது. பணம் ஒரு டயருக்குத்தான் இருக்கிறதென்றால் பின் டயரை முதலில் மாற்றுங்கள். உங்களுக்குக் கிழிவது அதுதானே.