ஆங்கிலம் விளங்காமல் வைத்த கையெழுத்து: கனடாவின் ஒன்ராறியோ மாகாண அனுபவங்கள்

ஸ்காபரோ, சமூக நிலையத் தொண்டர்

சனிக்கிழமைகளில் எங்கள் பகுதிச் சமூக நிலையத்தில் தமிழ் ஆட்களுக்குக் கடிதங்களை வாசித்து விளக்கிக் கொடுக்கிறேன். அரசாங்கக் கடிதம் என்றால் பெரும்பாலும் பயப்பட ஒன்றுமிருக்காது. கம்பனிக் கடிதத்தோடு யாராவது வந்தால்தான் எனக்கு நெஞ்சு பதறும். அப்படி வந்த ஓர் அம்மாவின் கதையை அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன். உங்கள் வீட்டில் நடந்ததையும் எழுதுங்கள். வாசிக்கிற ஒருவராவது தப்பட்டும்.

அம்மாவுக்கு எழுபது கடந்துவிட்டது. மகனும் மருமகளும் வேலைக்குப் போனபின் பகலில் வீட்டில் அவரும் பக்கவாதம் வந்த கணவரும்தான். கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒரு பெடியன் வந்து கதவைத் தட்டியிருக்கிறான். நல்ல தமிழ். "அம்மா, அரசாங்கத்தின்ர எரிசக்தித் திட்டம். உங்கட ஃபர்னஸை ஒருக்கா பார்க்க வேணும், காசு ஒண்டும் இல்லை" என்றானாம். எங்கட ஊர்ப் பிள்ளை என்று தேத்தண்ணி போட்டுக் கொடுத்திருக்கிறார். அவன் பேஸ்மென்டுக்கு இறங்கிப்போய், வீட்டைச் சூடாக்குகிற அந்த ஃபர்னஸில் சிவப்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டிவிட்டு வந்து, காஸ் கசிகிறது, இனிப் பாவிக்கக்கூடாது என்று வெருட்டியிருக்கிறான். காஸ் பில்லைக் கேட்டு வாங்கிப் படமெடுத்தான். டாப்லெட்டை நீட்டி, "விரலால கையெழுத்து வையுங்கோ, நான் வந்து பார்த்ததுக்கு அத்தாட்சி" என்றான்.

கொஞ்ச நேரத்தில் கம்பனியிலிருந்து ஆங்கிலத்தில் ஓர் அழைப்பு. "எல்லாத்துக்கும் யெஸ் எண்டு சொல்லுங்கோ" என்று சொல்லிவிட்டு, அம்மா பேசி முடிக்கும்வரை முன்னாலேயே நின்று ஒவ்வொரு கேள்விக்கும் தலையை ஆட்டிக் காட்டினான். அந்த அழைப்பு பதிவாகும். நாளைக்குப் பிரச்சினை என்று வந்தால், விளங்கித்தான் சம்மதித்தார் என்று போட்டுக் காட்டுவதற்கு. ஒப்பந்தப் பிரதி போன மின்னஞ்சல் முகவரியை அவன் தானாகவே உருவாக்கியிருந்தான். அம்மாவிடம் மின்னஞ்சலே கிடையாது. புது ஃபர்னஸ் பூட்டியாகிவிட்டது. மாதாமாதம் வாடகை, பத்து வருடத்துக்கு.

விஷயம் தெரிந்தபோது அம்மா அழுதது காசுக்காக இல்லை. தனக்கு ஆங்கிலம் தெரியாததால் குடும்பமே கடனில் விழுந்துவிட்டது என்றுதான் அழுதார். அவருக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். ஒன்ராறியோவின் 2002ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவைப் பாருங்கள். ஒப்பந்தத்தின் மொழி விளங்காத காரணத்தால் ஒருவரால் தன் நலனைக் காத்துக்கொள்ள முடியாது என்று தெரிந்தும், அல்லது தெரிந்திருக்க வேண்டிய நிலையிலும், அவரிடம் வியாபாரம் பேசினால் அதை நியாயமற்ற நடத்தைக்கு ஓர் அடையாளமாக எடுத்துக்கொள்ளலாம் என்று அங்கே இருக்கிறது. மொழி விளங்காமை என்று சட்டமே வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிறது. அம்மா எதை நினைத்து வெட்கப்பட்டாரோ அதுதான் அவர் பக்கத்து வாதம்.

அந்த ஒப்பந்தத்துக்கு இன்னொரு குறையும் இருந்தது. ஃபர்னஸ், ஏசி, வோட்டர் ஹீட்டர், தண்ணீர் வடிகட்டி, காற்றுச் சுத்திகரிப்பான், டக்ட் கிளீனிங் போன்றவற்றை, வீட்டுக்காரர் தாமாக அழைக்காதபோது வாசலுக்கு வந்து விற்பதும் வாடகைக்குக் கொடுப்பதும் 2018 மார்ச் 1 முதல் தடை. மீறிப் போட்ட ஒப்பந்தம் செல்லாது. சாமானை வீட்டுக்காரரே வைத்துக்கொள்ளலாம். இரண்டையும் சொல்லிப் பதிவுத் தபாலில் கடிதம் போட்டோம். முதலில் கிரெடிட் ஸ்கோரைக் கெடுத்துவிடுவோம் என்று மிரட்டினார்கள். மாகாண அமைச்சுக்குக் கொடுத்த முறைப்பாட்டின் பிரதி போன பிறகு வாடகை கேட்பது நின்றது.

மார்க்கம், வங்கி ஊழியர்

என் அப்பாவின் வீட்டில் இது வேறு வடிவத்தில் வந்தது. வோட்டர் சொஃப்ட்னரும் ஏர் கிளீனரும் வாடகைக்கு எடுத்திருந்தார். தங்கையின் கல்யாணத்துக்காக மோர்ட்கேஜைப் புதுப்பிக்கப் போனபோது லோயர் அழைத்து, வீட்டு உறுதியின்மேல் இரண்டு பதிவுகள் கிடக்கின்றன, அவற்றை எடுக்காமல் வங்கி காசு தராது என்றார். அதுதான் நோசி (NOSI). பூட்டிய சாமானில் தங்களுக்குப் பங்கு உண்டு என்று கம்பனி காணிப் பதிவில் போட்டு வைக்கிற அறிவித்தல். அப்போது வீட்டுக்காரரிடம் கேட்கவும் வேண்டியிருக்கவில்லை, சொல்லவும் வேண்டியிருக்கவில்லை. கம்பனியோ, பதிவை எடுக்க அந்தச் சாமானின் விலையைப் போலப் பல மடங்கு கேட்டது. மண்டபத்துக்கு முற்பணம் கட்டியாகிவிட்டது, திகதி நெருங்குகிறது. கட்டினோம். அப்படி அவசரத்தில் கட்டுவார்கள் என்று தெரிந்தே போடப்பட்ட பதிவு அது என்பதுதான் இன்றுவரை எனக்கு ஆறாத கோபம்.

2024 ஜூன் 6 அன்று மாகாண அரசு, நுகர்வோர் பாவிக்கிற சாமான்களுக்கு நோசி பதிவதைத் தடை செய்தது. பழைய பதிவுகளும் காலாவதியானவை என்று அதே சட்டம் சொல்கிறது. ஆனால் கவனம்: பதிவு போய்விட்டதால் வாடகை ஒப்பந்தமும் தானாகப் போய்விடாது. அதைத் தனியாகத்தான் எதிர்க்க வேண்டும். இன்னும் யாராவது நோசியைக் காட்டிக் காசு கேட்டால் லோயரிடம் கேட்காமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

பிரம்ப்டன், மாணவர்

நான் தமிழ்நாட்டிலிருந்து படிக்க வந்தவன். என் ரூம்மேட் ஜிம்மில் சேர்ந்துவிட்டு, வேறு ஊருக்கு மாற வேண்டியிருந்ததால் ஒரே வாரத்தில் நிறுத்தக் கேட்டான். ஒப்பந்தம் போட்டாச்சு, முடியாது என்றார்கள். ஜிம் ஒப்பந்தத்தின் பிரதி கைக்கு வந்து பத்து நாளுக்குள் காரணமே சொல்லாமல் ரத்து செய்யலாம். எழுத்தில் கொடுத்தான், பணம் திரும்பி வந்தது. வாயால் மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள்.

ஏஜாக்ஸ்

மேலே தம்பி சொன்ன பத்து நாள் எல்லாவற்றுக்கும் கிடையாது. இதை நம்பி எங்கள் மச்சான் ஒருவர் மாட்டினார். டீலரிடம் கார் வாங்கினால் ஒன்ராறியோவில் திருப்பிக் கொடுக்கிற அவகாசம் என்று ஒன்று சட்டத்தில் இல்லை. கையெழுத்து வைத்தால் வைத்ததுதான்.

அவருக்கு நடந்தது இது. விற்பனையாளர் மொத்த விலையை வாயாலே சொல்லவில்லை. "இரண்டு கிழமைக்கு எவ்வளவு கட்ட ஏலும் அண்ணை?" என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டான். கட்டக்கூடிய தொகை வந்ததும் மச்சான் சரி என்றார். தவணைக் காலம் ஏழு வருடம், உள்ளே நீட்டிப்பு வாரன்ட்டி, களவைத் தடுக்கவென்று கார்க் கண்ணாடியில் எண் பொறிப்பது என்று கேட்காத சாமானெல்லாம். டீலர் விளம்பரத்தில் போடும் விலை, வரியும் லைசன்ஸும் தவிர மற்றக் கட்டணங்கள் எல்லாம் சேர்ந்ததாக இருக்க வேண்டும் என்பது விதி. டீலர்களைக் கண்காணிக்கிற ஒம்விக் நிறுவனத்திடம் முறையிட்டு, விளம்பரத்தில் இல்லாத ஒரு கட்டணத்தை மட்டும் திரும்பப் பெற்றார். மற்றதைக் கட்டிக்கொண்டிருக்கிறார். ஆகவே வட்டியோடு சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று கடதாசியில் எழுதித் தரச் சொல்லுங்கள். தர மறுத்தால் எழும்பி வந்துவிடுங்கள். சங்கடப்பட ஒன்றுமில்லை.

நோர்த் யோர்க், தாதி

வேலை வாங்கித் தருகிறேன், அப்புறம் நிரந்தர வதிவிடமும் கிடைக்கும் என்று சொல்லி என்னோடு தங்கியிருந்த பிள்ளையிடம் ஆயிரக்கணக்கில் வாங்கினார் ஒருவர். பெயர்ப் பலகை, அலுவலகம் எல்லாம் இருந்தது. குடிவரவு ஆலோசகர்களுக்கு உரிமம் கொடுத்துக் கண்காணிக்கிற, 'கல்லூரி' என்று பெயர் கொண்ட அமைப்பு 2021 நவம்பரில் இருந்து இயங்குகிறது. உரிமம் உள்ளவர்களின் பட்டியலை யாரும் இணையத்தில் பார்க்கலாம். அவர் பெயர் அதில் இல்லை. இருந்திருந்தாலும் வேலை பிடித்துத் தருவதற்கு வெளிநாட்டுத் தொழிலாளரிடம் கட்டணம் வாங்குவது ஒன்ராறியோவில் சட்டவிரோதம். அந்தப் பிள்ளை விசா பறிபோய்விடும் என்று பயந்து முறைப்பாடு செய்யவே இல்லை. இப்படிப்பட்டவர்கள் அந்தப் பயத்தை நம்பித்தான் கடை திறந்து வைத்திருக்கிறார்கள்.

மோர்னிங்சைட்

ஒரு கேள்வி. என் மாமியாரும் ஃபர்னஸுக்குக் கையெழுத்து வைத்து மாதக்கணக்காகிவிட்டது. பத்து நாள் எப்போதோ முடிந்துவிட்டது. இனி ஏதாவது வழி இருக்கிறதா?

ஸ்காபரோ, சமூக நிலையத் தொண்டர்

இருக்கிறது, அக்கா. வாசலில் வைத்துப் போட்ட ஒப்பந்தத்துக்கும் பத்து நாள் உண்டு, ஆனால் அது காரணம் இல்லாமலே விலகுவதற்கு. அதுவும் எழுத்துப் பிரதி மாமியின் கைக்கு வந்த நாளிலிருந்துதான் எண்ண வேண்டும். நியாயமற்ற முறையில் விற்றார்கள் என்ற காரணத்தைச் சொல்லி விலகுவதற்கு ஒப்பந்தம் போட்ட நாளிலிருந்து ஒரு வருட அவகாசம் உண்டு. அழைக்காமல் வந்து விற்றிருந்தால் 2018இன் தடையும் மாமியின் பக்கம் நிற்கும்.

முதலில் மாமியோடு இருந்து நடந்ததை அவர் சொல்கிறபடியே தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். யார் வந்தார், எந்த மொழியில் பேசினார், என்ன திட்டம் என்றார், தொலைபேசியில் பேசும்போது பக்கத்தில் யார் நின்றார், பிரதி கையில் கிடைத்ததா. விற்றவன் தமிழில் பேசி ஆங்கிலக் கடதாசியில் கையெழுத்து வாங்கினான் என்ற ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும். பூட்டிய சாமானையும் ஸ்டிக்கரையும் படமெடுங்கள். கம்பனி அழைத்தால் தொலைபேசியில் எதற்கும் சம்மதிக்க வேண்டாம், எழுத்தில் அனுப்புங்கள் என்று சொன்னால் போதும். வங்கியிலிருந்து தானாகப் போகிற தவணையை அவசரப்பட்டு நிறுத்த முன்னர் சட்ட உதவி கேளுங்கள்.

வருமானம் குறைந்த தெற்காசியர்களுக்கு உதவுகிற சால்கோ சட்ட உதவி நிலையத்தில் தமிழில் பேசலாம். எங்கே போவது என்றே தெரியாவிட்டால் 211ஐ அழைத்து "தமிழ்" என்று சொல்லுங்கள், மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். ஒப்பந்தமும் வங்கிக் கூற்றும் இருந்தால் சனிக்கிழமை மாமியையும் கூட்டிக்கொண்டு நிலையத்துக்கு வாருங்கள், கடிதத்தை இருந்தே எழுதிவிடலாம்.