மறுமொழி: லேட்டன்சிக்குத் ‘தாமதம்’ போதாதா?

> ‘தாமதம்’ இருக்கும்போது லேட்டன்சிக்குப் புதுச்சொல் எதற்கு?

ஐயா, வணக்கம்.

நேரடி ஒளிபரப்பு வேலையில் இருப்பவன் என்பதால் எழுதுகிறேன். வர வேண்டிய நேரத்துக்கு வராததுதான் தாமதம். பேருந்து தாமதம், சம்பளம் தாமதம் என்னும்போதே யாரோ தவறிவிட்டார்கள் என்று காதில் விழுகிறது. லேட்டன்சியில் யாரும் தவறவில்லை. கேமரா கண்ட காட்சி திரைக்கு வந்து சேர எடுக்கும் காலம் அது. எல்லாம் ஒழுங்காக நடந்தாலும் இருக்கும்.

நாங்கள் அளக்கும் விதத்தைச் சொன்னால் விளங்கும். ஒரு கைபேசியில் ஸ்டாப்வாட்ச்சை ஓடவிட்டு கேமராவுக்கு முன்னால் வைப்போம். பக்கத்தில் மானிட்டர். இரண்டும் சேர்ந்து விழும்படி இன்னொரு கைபேசியில் ஒரு படம் எடுப்போம். கைபேசியில் 12.48, மானிட்டரில் 12.31 என்றால் இடையில் 170 மில்லிநொடி. அந்த 170-க்குத்தான் பெயர் தேடுகிறோம்.

ஒரு கும்பாபிஷேகத்தில் வெளியே எல்இடி திரை வைத்திருந்தேன். மேலே கலசத்தில் நீர் விழுந்து கூட்டம் முழங்கிவிட்டது. திரையிலோ குடம் இன்னும் சாயவில்லை. இயந்திரம் எதிலும் பழுதில்லை. காட்சியைச் சுருக்கி அனுப்பும் பெட்டியான என்கோடரில், பி-பிரேம் என்ற வகைப் பிரேமை (பிரேம் என்பது காணொளியின் ஒரு தனிப்படம்) நிறுத்தாமல் விட்டிருந்தேன். பி-பிரேம் தனக்குப் பின்னால் வரும் பிரேமையும் பார்த்துத்தான் சுருக்கப்படும், அதனால் அது வரும்வரை கையில் பிடித்து வைத்திருக்க வேண்டும். நொடிக்கு 25 பிரேம் என்றால் ஒன்றுக்கு 40 மில்லிநொடி. இரண்டு பி-பிரேமுக்கே 80 போய்விடும். வாங்கும் பக்கத்தில் காட்சியைச் சற்றுத் தேக்கிவைக்கும் பஃபரையும் தாராளமாக வைத்திருந்தேன்.

இணையவழியே காட்சியை அனுப்பும் எஸ்ஆர்டி நெறிமுறையில் லேட்டன்சி என்பது நாமே வைக்கும் அளவு. இயல்பாக 120 மில்லிநொடி இருக்கும். வழியில் தொலைந்த பொட்டலத்தை, அதாவது தரவுத் துண்டை, திரும்பக் கேட்டு வாங்க அந்த அவகாசம் வேண்டும். மோசமான இணைப்பில் நானே அதை ஏற்றி வைப்பேன். அதைப் போய் ‘தாமதத்தை 400 ஆக்கு’ என்று உதவியாளரிடம் எப்படிச் சொல்வது?

‘சுணக்கம்’ என்று ஒருவர் முன்மொழிந்திருந்தார். நல்ல தமிழ்ச்சொல், ஆனால் பணியில் சுணக்கம் என்று சொல்லிச் சொல்லி மெத்தனம் அதில் ஒட்டிக்கொண்டுவிட்டது.

என் பரிந்துரை கடப்புநேரம். லென்ஸில் நுழைந்தது திரையை எட்டும்வரை கடக்கும் நேரம். கூட்டலாம், குறைக்கலாம், எண்ணால் சொல்லலாம். ‘இந்தப் பெட்டியின் கடப்புநேரம் 60 மில்லிநொடி’ என்றால் யாருக்கும் உறுத்தாது. லோ-லேட்டன்சிக்குக் ‘குறுங்கடப்பு’ என்று சுருக்கிக்கொள்ளலாம். ‘தாமதம்’ எங்கும் போகாது. குறித்த நேரத்துக்கு வராத பொட்டலத்துக்கு அதுவே சரியான சொல்.

இன்னொன்று. என்கோடிங், என்கிரிப்ஷன் இரண்டையுமே ‘குறியாக்கம்’ என்று பலர் எழுதுகிறார்கள். எஸ்ஆர்டி வசதியுள்ள பெட்டியில் இரண்டும் அடுத்தடுத்து நடக்கும்: முதலில் காட்சி எச்.264 என்ற வடிவத்துக்குச் சுருங்குகிறது, பிறகு பிறர் பார்க்காதபடி ஏஇஎஸ் என்ற பூட்டு விழுகிறது. ஒரே சொல்லை வைத்துக் கையேடு எழுதினால் எந்தப் பொத்தான் எதற்கு என்று தெரியாமல் போகும். பூட்டுவதற்கு ‘மறையாக்கம்’ இருக்கட்டும், சுருக்குவதற்குக் ‘குறியாக்கம்’. அப்படியென்றால் லோ-லேட்டன்சி ஹார்டுவேர் என்கோடர் பெட்டி ‘குறுங்கடப்பு வன்பொருள் குறியாக்கி’.

இலங்கை நண்பர்கள் ஒன்று சொல்ல வேண்டும். ‘கடப்பு’ உங்கள் பேச்சில் வேறு ஏதாவது பொருளில் வழங்குகிறதா? அது இடறுமானால் இப்போதே மாற்றிவிடலாம்.