ராஜராஜன் செப்புக்காசைப் படம் எடுப்பது எப்படி?

கேள்வி:
தாத்தா சேர்த்துவைத்த ராஜராஜன் செப்புக்காசுகளைப் போனில் படம் எடுக்கிறேன். பிளாஷ் போட்டால் பளீரென்று அடித்து அதிலுள்ள நாகரி (பழைய வடமொழி எழுத்துமுறை) எழுத்தே தெரிவதில்லை. புளி போட்டுத் தேய்க்கலாமா?

பதில் 1:
தேய்க்கவே வேண்டாம் தம்பி! காசின் மேல் காலப்போக்கில் படிந்திருக்கும் படலம் போனால் காசின் மதிப்பும் போய்விடும். பிளாஷை அணைத்துவிட்டு, மேசை விளக்கை ஒரு பக்கமாகத் தாழ்த்தி வையுங்கள். வெளிச்சம் சாய்வாக விழுந்தால் மேடான இடங்களுக்கு நிழல் கிடைக்கும். உட்கார்ந்திருக்கும் உருவமும், பக்கத்தில் 'ஸ்ரீ ராஜராஜ' என்ற எழுத்தும் எழும்பி வரும். விளக்கைச் சுற்றி நகர்த்தி நாலைந்து படம் எடுங்கள். காசின் அளவு தெரிய, படத்தில் கூடவே ஒரு ஸ்கேலும் இருக்கட்டும்.

பதில் 2:
படத்தை யாருக்காவது வாட்ஸப்பில் அனுப்பினால் டாக்குமெண்டாக அனுப்புங்கள், படம் சுருங்காது. காசின் எடையையும் விட்டத்தையும் படக் கோப்பின் பெயரிலேயே எழுதிவிடுங்கள். அப்புறம், காசுகளை பிவிசி பிளாஸ்டிக் உறையில் போடாதீர்கள். செம்பில் பச்சை பிடிக்கும்.

கேட்டவர்:
விளக்கைச் சாய்த்ததும் 'ராஜ' தெளிவாக வந்துவிட்டது! மூலப்படங்களை ஹார்ட் டிஸ்கிலும் கூகுள் டிரைவிலும் போட்டுவிட்டேன். ரொம்ப நன்றி அண்ணா.