உள்ளே உட்கார்ந்து ஓட்டும் ஒற்றைச் சக்கர வண்டி: தோற்கடித்தது காலமா, கணக்கா?

வட்டச்சாலை:
ஆள் சக்கரத்துக்குள்ளேயே உட்கார்ந்து ஓட்டும் டைனாஸ்பியர் என்ற ஒற்றைச் சக்கர வண்டி ஓடும் பழைய படச்சுருளை மறுபடி பார்த்தேன். 1932-ல் இங்கிலாந்தின் ப்ரீன் கடற்கரையில் டாக்டர் ஜே. ஏ. பர்வ்ஸின் இந்த வண்டிக்குச் சோதனை ஓட்டம் நடந்தது. பத்தடி உயரம், ஏறக்குறைய 450 கிலோ எடை. கூடைபோலப் பின்னிய இரும்புச் சட்டம்தான் சக்கரம். அதன் உள்பக்கம் ஓடும் தண்டவாளத்தில் ஒரு மேடை, மேடையில் இருக்கை, கூடவே என்ஜின். என்ஜின் அந்த மேடையை முன்னால் ஏற்றப் பார்க்கும், பளு அதைக் கீழே இழுக்கும், அந்த இழுபறியில் சக்கரம் உருளும். ஓட்டுபவர் சட்டத்தின் இடைவெளிகள் வழியாகத்தான் பாதையைப் பார்க்கிறார்.

இந்த வகை வண்டிகளை "கிறுக்குக் கண்டுபிடிப்புகள்" பட்டியலில் சேர்த்துக் கைகழுவுவது அநியாயம். 1869-லேயே அமெரிக்காவில் நியூ ஹேவனின் ரிச்சர்ட் ஹெம்மிங்ஸ் கையால் சுற்றி ஓட்டும் ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார். அதே வருடம் மார்சேயில் ரூசோ ஒன்று செய்தார். 1920-களில் மிலானில் டேவிடே சிஸ்லாகி மோட்டார் பூட்டினார். 1931-ல் பிரான்சின் ஆர்ல் நகரில் ஒரு சுவிஸ் பொறியாளர் அப்படி ஒன்றில் ஸ்பெயினுக்குக் கிளம்பிப் போகிற புகைப்படமே இருக்கிறது. ஒருவரை ஒருவர் அறியாத ஊர்களில் இத்தனை பேர் இதே வடிவத்துக்கு வந்து சேர்ந்தார்கள் என்றால் அதில் சரக்கு இருக்கிறது. கிடைக்காதது பணமும் அவகாசமும்தான்.

டார்க்_குமரன்:
வட்டச்சாலை அண்ணா, பணம் கொட்டியிருந்தாலும் தீராத பிரச்சினை ஒன்று உண்டு. பிரேக்.

சாதாரண பைக்கில் பிரேக் பிடித்தால் பளு முன்சக்கரத்துக்கு மாறும், அந்தச் சக்கரம் தரையைப் பிடித்துக்கொண்டு வண்டி குப்புறாமல் தாங்கும். இதில் முன்சக்கரமே கிடையாது. உள்ளே இருப்பவரின் எடை சக்கரத்தின் மையத்துக்குக் கீழே தொங்குகிறதே, அதுதான் பிரேக்குக்கு ஒரே பிடிமானம். பிரேக் அழுத்தினால் சக்கரம் ஆளையும் சேர்த்துச் சுற்றப் பார்க்கும். இருக்கை பின்பக்கமாக மேலே ஏறும், முகம் தரையைப் பார்த்துக் கவிழும்.

கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். சக்கரத்தின் ஆரம் 75 செ.மீ., ஆளும் என்ஜினும் சேர்ந்த எடைமையம் சக்கரத்தின் மையத்துக்கு 20 செ.மீ. கீழே என்று வையுங்கள். சக்கரத்தின் சொந்த எடையை விட்டுவிட்டாலும், கிடைக்கக்கூடிய உச்ச வேகத்தணிப்பு புவியீர்ப்பு முடுக்கத்தில் சுமார் 0.28 பங்குதான். அதற்கு ஆள் கிட்டத்தட்ட பக்கவாட்டில் கிடக்கும் அளவு ஏற வேண்டும். அவர் 30 பாகை வரை ஏறினால் போதும் என்று நிறுத்திக்கொண்டால் 0.17 வரும். மணிக்கு 60 கி.மீ. வேகத்திலிருந்து நிற்க 80 மீட்டர் தாண்டும். நல்ல பிரேக் உள்ள பைக் காய்ந்த சாலையில் 20 மீட்டருக்குள் நிற்கும். உச்சத்தைத் தாண்டிப் பிரேக் அடித்தால் ஆள் சக்கரத்தோடு சேர்ந்து முழுச் சுற்று சுற்றிவிடுவார். எந்தத் திறமைசாலி ஓட்டினாலும் இதுதான் நடக்கும்.

வட்டச்சாலை:
குமரன், 20 செ.மீ. என்று நீங்களே வைத்துக்கொண்ட எண்ணை வைத்துத் தீர்ப்பு எழுதுகிறீர்கள். எடைமையத்தை இன்னும் கீழே இறக்கினால் என்ன? பர்வ்ஸின் பத்தடிச் சக்கரத்தில் உள்ளே தாராளமாக இடம் இருக்கிறதே.

1869-ன் நிலைமையையும் பாருங்கள். அப்போது செயின் வைத்த சைக்கிள் வரவில்லை, ஸ்டார்லியின் செயின் சைக்கிளான ரோவர் வந்தது 1885-ல். பெடல் நேராகச் சக்கரத்தோடு இருந்ததால், பெரிய சக்கரம் என்றால் ஒரு மிதிக்கு அதிக தூரம். அந்தக் காலத்துக்கு அது புத்திசாலித்தனமான வழி.

டார்க்_குமரன்:
பெரிய முன்சக்கர சைக்கிளுக்குப் பொருந்தும் வாதத்தை இங்கே கொண்டுவர வேண்டாம். அதில் பெடல் அச்சிலேயே இருந்தது. இதில் வெளிச் சக்கரத்துக்கு அச்சே கிடையாது. உள்ளே ஒரு சின்ன உருளை ரிம்மை உரசித் தள்ளுகிறது. அந்த உருளை ஒரு சுற்றுக்கு எவ்வளவு தூரம் உருளுகிறதோ, ஏறத்தாழ அவ்வளவுதான் வண்டியும் நகரும். வெளிச் சக்கரம் ஐந்தடியோ பத்தடியோ, மிதிக்குக் கூடுதல் தூரம் கிடைக்காது. பெரிய சக்கரம் தந்த ஒரே லாபம், மோசமான ரோட்டில் குழியில் இறங்காமல் தாண்டிப் போவது. காற்றடைத்த டயர் வந்ததும் அதற்கும் மவுசு குறைந்தது.

எடைமையம் பற்றி: முக்கியம் அது எத்தனை செ.மீ. கீழே என்பதல்ல, ஆரத்தில் எத்தனை பங்கு கீழே என்பது. சக்கரம் வளர்ந்தால் ஆரமும் வளர்கிறது. பத்தடிச் சக்கரத்தில் ஆளை அடிமட்டத்தில் உட்காரவைத்தால் பங்கு நிச்சயம் கூடும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தெருவில் ஒரு மாடி உயர வண்டியை யார் நிறுத்துவார், எங்கே நிறுத்துவார்?

செங்காங்_ரைடர்:
ரெண்டு பேரும் 1932-லேயே நின்னுட்டீங்க. ஒற்றைச் சக்கரம் ஏற்கெனவே ஜெயிச்சாச்சு. உள்ளே உட்காராம மேலே நின்னு ஜெயிச்சது.

2011-ல ஷேன் சென் சோலோவீல் கொண்டுவந்தார். ஒரு சக்கரம், ரெண்டு பக்கமும் மடக்குற மிதி, உள்ளே மோட்டார், சாய்வை அளக்குற சென்சார். முன்னால சாய்ஞ்சா போகும், பின்னால சாய்ஞ்சா நிக்கும். நான் சிங்கப்பூர்ல வேலைக்கு இதுலதான் போறேன், சைக்கிள் பாதையில, சட்டப்படி 25 கி.மீ. வேகம், 20 கிலோவுக்குள்ள எடை. லிப்ட்ல கையில தூக்கிட்டு ஏறிடலாம். ஓட்டும்போது கெண்டைக்கால் ரெண்டும் வண்டியோட உடம்பை அணைச்சிருக்கும், இடுப்பைத் திருப்பினா வண்டி திரும்பும். குமரன் சொன்ன பிரேக் கணக்கு இதுக்கு ஒட்டாது. எடை அச்சுக்கு மேல இருக்கு, பின்னால எவ்வளவு சாய முடியுமோ அவ்வளவு பிரேக். எல்லை வைக்கிறது மோட்டாரும் டயர் பிடிப்பும்தான்.

டார்க்_குமரன்:
அந்த மோட்டார் எல்லைதான் எனக்குப் பயம். பழைய உள்-இருக்கை வண்டியில் என்ஜின் நின்றுபோனால் ஆள் தானாகவே அடியில் வந்து நிற்பார், பளு அவரை அங்கே வைத்திருக்கும். உங்கள் வண்டியில் ஒவ்வொரு நொடியும் மோட்டார்தான் உங்களை நிமிர்த்தி வைத்திருக்கிறது. வேகம் ஏற ஏற மோட்டாரிடம் மிச்சமிருக்கும் விசை குறையும். மிச்சம் தீர்ந்த நொடியில் நீங்கள் சாய்ந்த பக்கமே விழுவீர்கள்.

நடுவில் ஒரே சக்கரம் வைத்த, மேலே நின்று ஓட்டும் ஒன்வீல் மின்பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 செப்டம்பரில் அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் சுமார் 3 லட்சம் பலகைகளைத் திரும்பப்பெறும் அறிவிப்பை வெளியிட்டது. எல்லையைத் தாண்டினால் பலகை சமநிலையை விட்டுவிடலாம் என்பதுதான் காரணம். 2019-க்கும் 2021-க்கும் இடையில் நான்கு மரணங்கள் பதிவாகியிருந்தன. இதை வெற்றி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அச்சாணி:
இடையில் வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் மறந்த ஒற்றைச் சக்கர வண்டி ஒன்று இருக்கிறது. சீனத்துத் தள்ளுவண்டி. நடுவில் ஒரு பெரிய சக்கரம், இரு பக்கமும் பலகை, மூட்டையோ ஆட்களோ அதன்மேல். பளு முழுவதும் அச்சின் மேல் விழுவதால் தள்ளுபவர் தூக்க வேண்டியதில்லை, சாயாமல் பிடித்தால் போதும். காற்று அடிக்கும் பக்கம் பாய்மரம் கட்டி ஓட்டியதை 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே போன டச்சுக்காரர் வான் பிராம் எழுதிவைத்திருக்கிறார். பல நூற்றாண்டு ஓடிய வண்டி அது. அதில் சமநிலைக்குப் பொறுப்பு தரையில் ஊன்றிய இரண்டு கால்கள். ஒற்றைச் சக்கரத்துக்கு வெளியிலிருந்து யாராவது ஒருவர் முட்டுக் கொடுத்தாக வேண்டும் என்பதே என் கட்சி. அந்த "யாராவது" இப்போது ஒரு சர்க்யூட் போர்டாக இருக்கிறது.

வட்டச்சாலை:
அச்சாணி ஐயா சொன்னது பிடித்திருக்கிறது. ஆனாலும் உள்-இருக்கை வண்டியைப் புதைத்துவிட வேண்டாம். 2019-ல் இங்கிலாந்தின் எல்விங்டனில் அது மணிக்கு 117 கி.மீ. தொட்டது. ஆர்வலர்கள் சொந்தமாகக் கட்டி ஓட்டிய சாதனை அது.

டார்க்_குமரன்:
எல்விங்டன் ஒரு விமான ஓடுதளம் அண்ணா. முன்னால் வண்டி இல்லை, குறுக்கே ஆள் இல்லை, மெதுவாக வேகம் குறைய எத்தனை மீட்டர் வேண்டுமானாலும் இருக்கிறது. அந்தக் குழுவை நான் மனதார மதிக்கிறேன். என் கேள்வி சிக்னலில் ஒரு குழந்தை குறுக்கே ஓடினால் என்ன ஆகும் என்பது.

செங்காங்_ரைடர்:
குமரன் அண்ணே, அந்தக் கேள்விக்கு எங்க பக்கம் பதில் சொல்றேன். இப்ப வர்ற நல்ல வண்டிகள்ல எல்லை நெருங்கினா முதல்ல பீப் அடிக்கும், அப்புறம் மிதியே பின்பக்கமா நிமிரும். நீங்க சாயணும்னு நினைச்சாலும் பாதம் விடாது, வேகம் தானா இறங்கும். பேட்டரி குறைஞ்சா அந்த எல்லையும் கீழே இறங்குற மாதிரி வச்சிருக்காங்க. அதை ஆப்ல போய் அணைச்சு வச்சிட்டு ஓட்டுறவங்கதான் அதிகம் விழறாங்க. நான் அதை அணைக்கிறதே இல்லை. ஹெல்மெட்டும் மணிக்கட்டுக் காப்பும் இல்லாம ஏறுறதும் இல்லை. அணைக்க முடியாத மாதிரியே கம்பெனிகள் விற்கணும்னு நான் கேட்கிறேன். நீங்களும் இதுக்கு ஒத்துக்குவீங்கதானே?

டார்க்_குமரன்:
ஒத்துக்கொள்கிறேன். கூடவே ஒன்று: சரிவில் ஏறும்போதும் குளிரில் பேட்டரி தளரும்போதும் அந்த எல்லை எவ்வளவு இறங்குகிறது என்பதை ஒவ்வொரு மாடலுக்கும் அச்சிட்டுத் தரட்டும்.