ஜிப்சம் சுவரில் 65 இன்ச் டிவி: நாலு டாகிள் போல்ட் தாங்குமா?

கோவை_டு_இர்விங்

வணக்கம். டெக்சாஸ் இர்விங்கில் போன மாதம்தான் ஒரு டவுன்ஹவுஸ் வாங்கிக் குடி வந்தோம். டிவி 65 இன்ச், எடை 24 கிலோ. இப்போது டிராயர் வைத்த மேஜை ஒன்றின் மேல் இரண்டு காலில் நிற்கிறது. மூன்று வயதுப் பையன் நேற்று டிராயரை இழுத்து, அதையே படியாக்கி ஏறி, டிவியின் ஓரத்தைப் பிடித்து ஆட்டியிருக்கிறான். அடுப்படியிலிருந்து ஓடி வந்து பிடித்தேன். டிவி அரை அடி சாய்ந்துவிட்டது. அதனால் இந்த வாரமே சுவரில் மாட்டியாக வேண்டும்.

கோவை வீட்டில் செங்கல் சுவர். எலக்ட்ரீஷியன் வந்தார், டிரில் போட்டார், ராவல் பிளக் அடித்தார், அரை மணியில் வேலை முடிந்தது. இங்கே சுவரைத் தட்டினால் காலி டப்பா மாதிரி கேட்கிறது. கணவரின் அலுவலக நண்பர் சொல்கிறார்: "சுவருக்குப் பின்னால் இறக்கை விரித்துப் பிடிக்கிற டாகிள் போல்ட் நாலு போடுங்கள், ஒவ்வொன்றும் 100 பவுண்டு தாங்கும் என்று அட்டையிலேயே இருக்கிறது, மொத்தம் 400 பவுண்டு, அதாவது 180 கிலோ." கணக்கு சரியாகத்தான் தெரிகிறது, ஆனால் மனம் ஒப்பவில்லை.

வாங்கியிருப்பது முன்னால் இழுத்துத் திருப்புகிற கை உள்ள மவுன்ட் (டிவியைச் சுவரில் தாங்கும் சட்டம்), அரை மீட்டர் வரை வெளியே வரும். பெட்டிக்குள் மரத்தில் முறுக்குகிற தடித்த லேக் போல்ட்டும் பிளாஸ்டிக் பிளக்கும் இருக்கின்றன. ஸ்டட், அதாவது சுவருக்குள் நிற்கும் மரக்கட்டை, கண்டுபிடிக்கும் கருவியும் வாங்கினேன். அது ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு இடத்தில் பீப் அடிக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பிளேனோ_வாசி

என் வீட்டில் 50 இன்ச் டிவி டாகிள் போல்ட்டில் நாலு வருடமாக நிற்கிறது, ஒரு பிரச்சினையும் இல்லை. நல்ல தரமானதாக வாங்கிப் போடுங்கள். பெட்டியோடு வந்த பிளாஸ்டிக் பிளக்கை மட்டும் போட்டுவிடாதீர்கள்.

ஆசாரி_மகன்

தங்கச்சி, முதலில் ஒன்று. மாட்டும் வரை டிவியைப் பையன் போக முடியாத அறையில் வைத்துக் கதவைச் சாத்துங்கள். இங்கே நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் 2015ல் 'ஆங்கர் இட்' என்று ஒரு பிரச்சாரமே தொடங்கியது. டிவியும் அலமாரியும் குழந்தைகள் மேல் சாய்வதைத் தடுக்கத்தான் அது. நீங்கள் நேற்று பார்த்தது அதேதான்.

இனி சுவர். கும்பகோணம் பக்கம் மரப்பட்டறையில் அப்பாவோடு வளர்ந்தவன் நான், நியூஜெர்சியில் பதினேழு வருடம். அப்படி இருந்தும் 2012ல் எடிசனில் வாடகை வீட்டில் 42 இன்ச் டிவியை வெறும் ஜிப்சம் பலகையில் பிளக் அடித்து மாட்டினேன். ஏழு மாதம் அசையாமல் இருந்தது. ஒரு நாள் இரவு இரண்டரை மணிக்குப் பெரிய சத்தம். போய்ப் பார்த்தால் மவுன்ட்டின் மேல் பக்கம் சுவரோடு பெயர்ந்து, டிவி முகம் குப்புற விழுந்து கிடந்தது. பகலில் என் மகள் விளையாடும் பாய் மேல். அந்த ஓட்டைகளின் விளிம்பை விரலால் தொட்டேன், மாவாக உதிர்ந்தது. அன்றைக்கு நான் பார்த்ததைத்தான் உங்களுக்குச் சொல்ல வருகிறேன்.

ட்ரைவால் என்பது இரண்டு தாளுக்கு நடுவில் ஜிப்சம் வைத்து அழுத்திய பலகை. நம் ஊர்ப் பள்ளிக்கூட சாக்பீஸ் செய்கிற அதே ஜிப்சம்தான். வீட்டுக்குள் பெரும்பாலும் அரை இன்ச் கனம். அந்தப் பலகைக்குச் சுவரை மூடுவதுதான் வேலை, சுமப்பது அதன் வேலை இல்லை. சுமப்பது உள்ளே செங்குத்தாக நிற்கும் மரக்கட்டை, அதாவது ஸ்டட். இரண்டுக்கு நாலு என்பார்கள், உண்மையில் ஒன்றரை இன்ச்சுக்கு மூன்றரை இன்ச். ஒன்றின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்குப் பொதுவாக 16 இன்ச், சில வீடுகளில் 24.

நண்பர் சொன்ன 400 பவுண்டு கணக்கில் இரண்டு தவறு இருக்கிறது. அட்டையில் பெரிதாகப் போடுவது பல நேரம் ஆய்வுக்கூடத்தில் பிய்ந்து போன எடை. அதில் கால் பங்குதான் பாதுகாப்பாக ஏற்றக்கூடியது என்று தயாரிப்பாளர்களே சிறிய எழுத்தில் போடுவார்கள். இது சின்னத் தவறு. பெரிய தவறு, டிவி கீழ்நோக்கி மட்டும் இழுக்கும் என்று நினைப்பது. உங்கள் மவுன்ட்டில் கை இருக்கிறது. கையை 50 செ.மீ. வெளியே இழுத்தால் அது கடப்பாரை ஆகிவிடும். கீழ் விளிம்பு சுவரில் முட்டுக் கொடுக்க, மேல் போல்ட்டைச் சுவரிலிருந்து பிடுங்கப் பார்க்கும். மேல் வரிசைக்கும் கீழ் வரிசைக்கும் இடைவெளி 20 செ.மீ. என்று வையுங்கள். 24 கிலோவை 50ஆல் பெருக்கி 20ஆல் வகுத்தால் 60. மேல் வரிசையை 60 கிலோ வெளியே இழுக்கிறது. உங்கள் பையன் 15 கிலோ இருப்பான், அவன் தொங்கினால் ஏறத்தாழ 100 கிலோ. அதே டிவி சுவரை ஒட்டி 5 செ.மீ. தள்ளி இருந்தால் வெறும் 6 கிலோ.

கை நீட்டுவதும் மடக்குவதும் திருப்புவதுமாக இருந்தால் அந்த இழுப்பு கூடிக் குறைந்துகொண்டே இருக்கும். மரம் அதைத் தாங்கும். ஜிப்சம் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நொறுங்கும், தாளுக்குப் பின்னால் நொறுங்குவதால் வெளியே தெரியாது. என் வீட்டில் ஏழு மாதம் நின்றது அப்படித்தான்.

ஸ்டட்டைக் கண்டுபிடிக்கக் கருவியை மட்டும் நம்ப வேண்டாம். அது மரம் தொடங்கும் இடத்தில் ஒரு முறை, முடியும் இடத்தில் ஒரு முறை கத்தும், அதனால்தான் குழப்பம். ஒரு சின்னக் காந்தத்தை நூலில் கட்டிச் சுவரை ஒட்டி மெதுவாக நகர்த்துங்கள். பலகையை மரத்தோடு பிடித்திருக்கும் திருகு வருகிற இடத்தில் ஒட்டும். அதற்கு நேர் மேலேயும் கீழேயும் தேடுங்கள். மூன்று நாலு இடத்தில் ஒரே கோட்டில் ஒட்டினால் அங்கே ஸ்டட். அங்கிருந்து 16 இன்ச் அளந்து பாருங்கள், அடுத்ததும் அகப்படும். பிளக் பாயின்ட் பெட்டியும் ஏதோ ஒரு ஸ்டட்டின் பக்கவாட்டில்தான் அடித்திருப்பார்கள், அதையும் அளவுக்கு வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம் நிச்சயப்படுத்துங்கள். டிவி மறைக்கப் போகும் இடத்தில் மெல்லிய ஆணியால் கால் இன்ச் தள்ளித் தள்ளிக் குத்துங்கள். அரை இன்ச்சுக்குப் பிறகு சரக்கென்று உள்ளே போனால் காற்று, முட்டினால் மரம். இடது விளிம்பு, வலது விளிம்பு இரண்டையும் பிடியுங்கள். இடையில் ஒன்றரை இன்ச் இருக்க வேண்டும். அதன் நட்டநடுதான் உங்கள் துளை. ஓரத்தில் போட்ட போல்ட் மரத்தைப் பிளந்துகொண்டு வெளியே வந்துவிடும்.

போல்ட் 5/16 இன்ச் கனம் என்றால் முதலில் 3/16 இன்ச் பிட்டில் துளை போடுங்கள். மவுன்ட்டின் கையேட்டில் வேறு அளவு சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். பிட்டில் ஆழத்துக்கு ஒரு டேப் சுற்றிக்கொள்ளுங்கள். முதலில் வெள்ளைப் பொடி வரும், அதன் பிறகு மஞ்சள் நிற மரச்சீவல் வர வேண்டும், பைன் மர வாசனை அடிக்கும். கடைசி வரை வெள்ளைப் பொடிதான் என்றால் அந்தத் துளையை விட்டுவிடுங்கள். அப்பா மரத்திருகில் சோப்புத் தேய்த்துவிட்டுத்தான் முறுக்குவார், நானும் லேக் போல்ட்டில் அப்படியே செய்கிறேன். முறுக்குவது ஸ்பேனரில், கையால். வாஷர் மவுன்ட்டின் தகட்டில் படிந்து இறுகியதும் நிறுத்துங்கள். மெஷினில் வைத்து மேலும் மேலும் முறுக்கினால் மரத்துக்குள் புரி அரைபட்டுவிடும், பிறகு போல்ட் சும்மா சுற்றும். ரசமட்டம் பார்ப்பது முதல் போல்ட் போட்ட பின், இரண்டாவதற்குத் துளை போடும் முன்.

பெட்டியில் வந்த பிளாஸ்டிக் பிளக் கான்கிரீட் சுவருக்கானது. நம் கை ராவல் பிளக்குக்குப் பழகிய கை, அதைப் பார்த்ததும் எடுக்கத் தோன்றும். எடுத்துத் தூரப் போட்டுவிடுங்கள்.

என்னைக் கேட்டால் கை மவுன்ட்டையும் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சுவரோடு ஒட்டுகிறதை வாங்குங்கள். மூன்று வயதுப் பையனுக்கு இழுக்க ஒன்றும் அகப்படாது.

பிளேனோ_வாசி

ஆசாரி_மகன் அண்ணா, அந்த 60 கிலோ கணக்கைப் படித்துவிட்டு எழுந்து போய் என் டிவியைப் பார்த்தேன். என்னுடையது ஒட்டு மவுன்ட், டிவி 14 கிலோதான். கழற்ற வேண்டுமா?

ஆசாரி_மகன்

எடை குறைவு, கை இல்லை, அதனால் உடனே விழாது தம்பி. ஆனால் தகட்டின் மேல் விளிம்புக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு விசிட்டிங் கார்டைச் செருகிப் பாருங்கள். நுழைந்தால் தகடு பெயரத் தொடங்கியிருக்கிறது, அன்றே இறக்கிவிடுங்கள். நுழையாவிட்டாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்கி, தகட்டுக்குப் பின்னால் ஸ்டட் வருகிறதா என்று தேடி, இரண்டு லேக் போல்ட் போட்டுவிடுங்கள். பெரும்பாலான தகடுகளில் நீளவாட்டில் நிறைய ஓட்டை இருக்கும்.

சிகாகோ_27வது_மாடி

அடுக்குமாடியில் இருப்பவர்கள் மேலே சொன்னதை அப்படியே செய்துவிட வேண்டாம். உயரமான கட்டடங்களில் உள்சுவருக்குள் மரம் இருக்காது, மெல்லிய தகட்டை மடித்துச் செய்த இரும்பு ஸ்டட்தான் பெரும்பாலும் இருக்கும். காந்தம் அங்கங்கே ஒட்டாமல் மேலிருந்து கீழ் வரை ஒரே கோட்டில் ஒட்டிக்கொண்டே போனால் அது தகடு. லேக் போல்ட் அதில் பிடிக்காது, தகட்டைக் கிழித்துக்கொண்டு சுற்றும். தகட்டின் நடுவிலேயே துளை போட்டு அதன் வழியாக டாகிள் போல்ட்டை விட்டு, பின்புறம் விரிய வைப்பதுதான் முறை. டாகிளுக்கு உரிய இடம் அதுதான். கை மவுன்ட்டை இதில் மாட்டவே கூடாது என்று எங்கள் கட்டட நிர்வாகமே எழுதிக் கொடுத்தது. கான்கிரீட் தூண் இருந்தால் அங்கே மாட்டச் சொன்னார்கள்.

வயரிங்_வேலு

மின்சாரம் பற்றி இன்னும் யாரும் சொல்லவில்லை. சுவிட்ச், பிளக் பாயின்ட்டுக்கு நேர் மேலே வயர் ஸ்டட்டின் பக்கவாட்டை ஒட்டியே ஏறும். போல்ட் நட்டநடுவில் போனால் அந்த வயரைத் தொடாது. ஓரம் தவறிச் சறுக்கினால் வயரிலேயே போய் நிற்கும். நடுவைப் பிடியுங்கள் என்று அண்ணன் சொன்னதற்கு இது இன்னொரு காரணம். துளை போடும்போது அந்த அறையின் பிரேக்கரை அணைத்துவிடுங்கள். பேட்டரி டிரில் வைத்துக்கொண்டால் போதும்.

பிட் இரும்பில் முட்டினால் அழுத்தித் துளைக்காதீர்கள். வயரோ தண்ணீர்க் குழாயோ மரத்தின் முன்விளிம்புக்கு அருகில் போகிற இடத்தில் காவலுக்கு ஓர் இரும்புத் தகடு அடித்திருப்பார்கள். அது நிறுத்து என்று சொல்கிற தகடு.

டிவியின் பவர் வயரைச் சுவருக்குள் விட்டுக் கீழே எடுப்பது பலர் வீட்டில் பார்க்கிறேன். இந்த நாட்டு மின் விதிப்படி அது கூடாது. அந்த வயர் சுவருக்குள் இருக்கச் செய்யப்பட்டதே இல்லை. டிவிக்குப் பின்னால் குழிவான பிளக் பாயின்ட் ஒன்றை எலக்ட்ரீஷியனை வைத்துப் போடுங்கள். ஹெச்டிஎம்ஐ கேபிளைச் சுவருக்குள் விடலாம், அதன் மேல் சிஎல்2 அல்லது சிஎல்3 என்று அச்சிட்டிருக்க வேண்டும்.

கோவை_டு_இர்விங்

எல்லோருக்கும் நன்றி. கை மவுன்ட்டைத் திருப்பிக் கொடுத்து ஒட்டு மவுன்ட் வாங்கி வந்தோம். சனிக்கிழமை முழுக்க இதே வேலை. நடந்ததை எழுதுகிறேன், இதே நிலையில் வேறு யாராவது இருந்தால் உதவும்.

ஃபிரிட்ஜ் காந்தத்தைத் தையல் நூலில் கட்டினேன். முதல் ஸ்டட் பத்து நிமிடத்தில் அகப்பட்டது. 16 இன்ச் அளந்தேன், அடுத்தது. ஆணியால் குத்தி விளிம்புகளைப் பிடித்தோம், ஒன்றரை இன்ச் அப்படியே வந்தது. இடது ஸ்டட்டில் முதலில் வெள்ளைப் பொடி, பிறகு மரச்சீவல், வாசனை கூட வந்தது அண்ணா. வலது ஸ்டட்டில் அரை இன்ச் தாண்டியதும் கிர்ரென்று சத்தம், பிட் போகவில்லை. கணவர் இன்னும் கொஞ்சம் அழுத்துகிறேன் என்றார். நான் வேலு அண்ணன் எழுதியதைப் படித்துக் காட்டினேன். பின்பக்கம் என்ன இருக்கிறது என்று போய்ப் பார்த்தால் குளியலறை, சரியாக அதே இடத்தில் ஷவர் குழாய். அழுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே முடியவில்லை.

அந்த ஸ்டட்டையே விட்டுவிட்டு, இடது பக்கம் அடுத்த ஸ்டட்டைப் பிடித்து, மொத்தமாக 16 இன்ச் தள்ளி மாட்டினோம். டிவி சோபாவுக்கு நேராக இல்லை, சோபாவை நகர்த்திக்கொண்டோம். மேலே இரண்டு, கீழே இரண்டு லேக் போல்ட். டிவியை ஏற்றும் முன் கணவர் தகட்டைப் பிடித்து முழு எடையும் போட்டுத் தொங்கிப் பார்த்தார், 78 கிலோ. அசையவில்லை. டிராயர் மேஜையை வேறு அறைக்கு மாற்றி, அதையும் ஸ்டட்டோடு பட்டையால் கட்டிவிட்டோம்.

ஒரே ஒரு கேள்வி. வலது பக்கம் போட்ட துளையும் ஆணிக் குத்துகளும் அப்படியே கிடக்கின்றன. பதினோரு ஓட்டை. என்ன வைத்து அடைப்பது?

ஆசாரி_மகன்

படித்து மனம் நிறைந்தது தங்கச்சி. ஓட்டைக்கு ஸ்பாக்ளிங் என்று சின்ன டப்பாவில் பட்டி மாதிரி விற்கும். முதலில் ஓட்டையின் உதட்டில் பிதுங்கி நிற்கும் தாளைக் கத்தியின் பிடியால் உள்ளே அழுத்துங்கள், இல்லாவிட்டால் எத்தனை முறை பூசினாலும் மேடு தெரியும். பட்டி பூசி, காய்ந்ததும் இன்னொரு முறை பூசி, 220 எண் உப்புத்தாளில் லேசாகத் தேயுங்கள். பெயின்ட் பழைய வீட்டுக்காரர் விட்டுப் போயிருந்தால் கராஜ் அலமாரியில் தேடிப் பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.